கூட்ஸ் வண்டி போகும் வரை

கொருக்குப்பேட்டையில்
மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேலே
எங்கள் கம்பெனி.
போர்டில் 'விஷன்' எழுத இடம் போதாமல்
'விஷ' வரை எழுதிவிட்டு
பெயின்டர் டீ குடிக்கப் போனார்.
திரும்பி வர ஒரு வாரம்.
அதுவரை தெருவில் நாங்கள்
விஷக் கம்பெனி.

மூன்று சுவர் இருந்தது, பிளைவுட்.
திங்கள் சமையலறை, புதன் கோர்ட்டு,
வெள்ளி ஆஸ்பத்திரி.
நாலாவது சுவர் கேமரா.
அதற்கும் பின்னால் கைகட்டி நின்றான்
ஃபைனான்ஸ் முனிரத்தினத்தின் ஆள்.

டில்லிபாபு பெயின்ட் அடிப்பான், லைட் பிடிப்பான்,
ஆர்ட்டிஸ்ட் வராத நாளில் நீதிபதி.
தூக்குத் தண்டனை சொன்ன அன்றைக்கும்
மேஜைக்குக் கீழே லுங்கிதான்.

வாடகை ஏன் அவ்வளவு குறைச்சல் என்பது
முதல் ஷாட்டில் தெரிந்தது.
"அத்தை, நான் எந்தத் தப்பும்" என்றாள் கதாநாயகி.
மீதியை நிலக்கரி சொன்னது.
ஜன்னலுக்குப் பின்னால் ஐம்பது பெட்டி,
நாலு நிமிஷம்.
முட்டை அட்டை ஒட்டினோம்,
பழைய மெத்தையைத் தொங்கவிட்டோம்.
வண்டிக்கு அதெல்லாம் தெரியாது.

கேட்கீப்பர் வெங்கடேசலுவுக்கு டீ வாங்கித் தந்து
நேரம் கேட்டு வைத்துக்கொண்டோம்.
என் கூட்டாளி அமலோற்பவம், எழுதுகிறவள்,
"வண்டி வரப்போ யாரும் பேசாத மாரி எழுதறேன், வுடு" என்றாள்.
அப்படித்தான்
பதினொன்று நாற்பதுக்கு மாமியார் கடிதம் படித்தாள்,
இரண்டு இருபதுக்கு
புருஷன் வராத கதவையே பார்த்தாள் மருமகள்,
நாலரைக்கு அழுதாள்.
வயலினை அப்புறம் போட்டுக்கொண்டோம்.

உங்கள் சீரியலில்தான் மௌனம் இருக்கிறது
என்று சேனலில் புகழ்ந்தார்கள்.
நானும் அமலுவும்
ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல்
தலையாட்டினோம்.

சேனல் கைமாறியது ஒரு மார்ச்சில்.
இருநூற்றுப் பன்னிரண்டாவது எபிசோடில்
கதவைத் திறக்கப்போன கை
இன்னும் தாழ்ப்பாளில் இருக்கிறது.
வரவேண்டிய பாக்கி பதினோரு லட்சம்.
போனை எடுத்த குரல் புதுசு,
ரொம்ப மரியாதை.

அதன்பிறகு எதைக் கேட்டாலும்
"பண்றோம் சார்."
காசிமேட்டில் ஞானஸ்நானம் லைவ்.
பினாங்கில் மாட்டிக்கொண்ட மகனுக்காக
மூலகொத்தளம் வரை அப்பாவின் கடைசி ஊர்வலம் லைவ்.
இன்னொரு டேக், என்று வாயெடுத்த டில்லிபாபு
நாக்கைக் கடித்துக்கொண்டான்.
கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு
ஆஸ்பத்திரிச் சுவரில் கரும்பலகை.
ஐப்பசி மழையில் பெயின்ட் உரிந்து
அமிலத்துக்கும் காரத்துக்கும் நடுவே
கோர்ட்டுத் தூண் ஒன்று எட்டிப் பார்த்தது.
வாத்தியார் அதைத் துடைக்கப் பார்த்தார்.

இப்போது கையில் வைத்துப் பார்க்கிற கதை.
ஒரு நிமிஷம். படம் நெட்டுக்குத்தலாக.
எங்கள் சுவருக்கு அகலம் ஜாஸ்தி.
ரம்பம் எடுத்தான் டில்லிபாபு.
அறுத்த விளிம்பில் வரிவரியாய்
மஞ்சள், பழுப்பு, பச்சை, கறுப்பு, மறுபடி மஞ்சள்:
ஒன்பது வருஷம்
ஒரு விரற்கடை கூட இல்லை.
மிஞ்சிய துண்டு எடிட்டிங் மேஜை ஆனது.
முனிரத்தினத்தின் ஆள் வில்லன் ஆனான்.
நிற்கிறதுதான் நிற்கிறாய்,
சட்டையை மாற்றிக்கொண்டு இங்கே நில், என்றேன்.
சம்பளத்தில் வட்டி கழிகிறது.
நன்றாகவே முறைக்கிறான்.

நேற்று வண்டி வந்தது.
பழக்கதோஷம், எல்லோரும் வாயை மூடினோம்.
புது ஹீரோயினுக்குப் பத்தொன்பது வயசு.
"எவ்ளோ நேரம்க்கா இது?"
நாலு விரல் காட்டினேன்.
"அய்யோ, நாலு எபிசோடு!"
அமலு அதைக் குறித்துக்கொண்டாள்.

கடைசிப் பெட்டியும் போய்
தண்டவாளம் அடங்கிய பிறகும்
எவரும் ஆக்‌ஷன் சொல்லவில்லை.
வில்லன்தான் கேட்டான்:
"இன்னா, ஆரம்பிக்கலையா?
மூணு மணிக்கு எனக்கு
இன்னொரு கடன்காரன் வீடு கீது."